துணியைத் திருப்பிப் பாருங்கள்: இந்திய எம்பிராய்டரிக்கு ஓர் எளிய அறிமுகம்

முகூர்த்த மாதம் நெருங்கிவிட்டால் திருநெல்வேலிப் பக்கத்துத் தையல் கடைகளில் ஒரே பேச்சுதான்: ஆரி ஒர்க். பிளவுஸ் கையில் மயில், முதுகில் கோபுரம், கழுத்தைச் சுற்றிக் கல்லும் மணியும். சேலை விலையைத் தொட்டுவிடும் பிளவுஸ் கூலியும் உண்டு. பாளையங்கோட்டையோ அம்பாசமுத்திரமோ தென்காசியோ, ஏதாவது ஒரு மாடிப்படி ஓரத்தில் ‘ஆரி வகுப்பு’ என்று போர்டு தொங்கும். ஆனால் ஆரி என்றால் என்ன, அது எந்த ஊர் வேலை, லக்னோ சிக்கனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், “எல்லாம் எம்பிராய்டரிதானே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இணையத்தில் தேடினால் பெயர்ப் பட்டியல் வரும். சிக்கன்காரி, காந்தா, புல்காரி, கசூதி, ஸர்தோசி, சோஸ்னி... மாநிலத்துக்கு ஒன்றாகப் படித்துவைத்தால் மறுநாளே மறந்துபோகும். அதைவிட நல்ல வழி ஒன்றை நம் ஊர்ப் பெரியம்மாக்கள் கையில் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் எவ்வளவு அழகாக விரித்துக் காட்டினாலும், கூட வந்த பெண்ணிடம், “ஏட்டி, உள்பக்கத்தத் திருப்பிக் காட்டு” என்பார்கள். அவர்கள் பார்ப்பது பிசிறு இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்றுதான். ஆனால் துணியின் பின்பக்கம் அதைவிட நிறையச் சொல்லும். ஊசி எந்த வழியாகப் போனது, நூல் எவ்வளவு அருமையான பொருளாக இருந்தது, கை வேலையா மிஷின் வேலையா என்பதெல்லாம் அங்கே தெரியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பின்பக்கத்தை வைத்துத்தான்.

நெய்தது வேறு, தைத்தது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காஞ்சிபுரம் சேலையின் முந்தியில் இருக்கும் யானையும் அன்னமும் எம்பிராய்டரி அல்ல. அவை தறியிலேயே, துணி உருவாகும்போதே, கூடுதல் இழையாக நுழைக்கப்பட்டவை. பத்தமடைப் பாயில் பெயரும் பூவும் வருவதும் அப்படித்தான். கோரையை நெய்யும்போதே கோலம் விழுந்துவிடுகிறது. நெய்து முடித்த துணியின்மேல் ஊசியும் நூலும் கொண்டு பிறகு போடுவதுதான் எம்பிராய்டரி, அதாவது பூத்தையல்.

பூத்தையலில் பெயர்கள் எத்தனை இருந்தாலும் அடிப்படைத் தையல்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். ஊசி மேலும் கீழுமாக ஓடுவது ஓட்டுத் தையல். ஒரு வளையத்துக்குள்ளிருந்து அடுத்த வளையம் கிளம்பினால் சங்கிலித் தையல். இடைவெளி இல்லாமல் நெருக்கமாக அடுக்கி ஒரு இதழையோ இலையையோ நிரப்பினால் சாட்டின் தையல். பெருக்கல் குறி போல விழுந்தால் குறுக்குத் தையல். ஓரத்தைப் பிடித்துக் கட்டுவது பொத்தான் துளைத் தையல், அதாவது காஜா தையல். பள்ளியில் தையல் வகுப்புக்குப் போனவர்கள் இவற்றை ஒரு காடாத் துணியில் வரிசையாகப் போட்டு நோட்டில் ஒட்டியிருப்பார்கள். காஷ்மீர் சால்வையும் கட்ச் பாவாடையும் பெரும்பாலும் இவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

அப்படியானால் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வேறுபாடு? என் பார்வையில் தையலைவிடத் துணிக்கும் நூலுக்கும்தான் அதில் பெரிய பங்கு. முரட்டுக் கதரில் வருவது மெல்லிய மஸ்லினில் வராது. பட்டு நூல் விலை கொடுத்து வாங்க வேண்டிய ஊரில் ஒரு தையல் முறை வளரும். கிழிந்த சேலையிலிருந்து இழை உருவிக்கொள்ளும் ஊரில் வேறு முறை வளரும்.

வடிவத்தைத் துணியில் கொண்டுவருவதிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணியின்மேல் முதலில் வரைந்துவிட்டு அந்தக் கோட்டின்மேல் தைப்பது. மற்றது, எதுவும் வரையாமல் துணியின் நீள, குறுக்கு இழைகளை எண்ணி எண்ணித் தைப்பது. மார்கழி வாசலில் ரங்கோலிக்கும் புள்ளிக் கோலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. எண்ணித் தைத்த வேலையில் கோடுகள் நேராகவும் சாய்வாகவும் கட்டங்கட்டமாகவும் போகும். வளைந்து நெளிந்த கொடி வராது. ஒரு துணியை எடுத்தவுடன் இதைப் பார்த்துவிட்டால் பாதி வழி வந்துவிட்டோம்.

நம் பிளவுஸில் இருப்பது இரண்டு வேலைகள்

ஆரி என்பது பாணியின் பெயர் அல்ல, கருவியின் பெயர். நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஊசி, அதற்கு ஒரு மரப்பிடி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைக்கும் மோச்சி சமூகத்தார், செருப்பும் சேணமும் தைக்கப் பயன்படுத்திய கொக்கியைப் பட்டுத் துணிக்கு ஏற்றபடி மெலிதாக்கிக்கொண்டார்கள். முகலாயர் அவைக்கும் ஐரோப்பியச் சந்தைக்கும் அவர்கள் செய்த சங்கிலித் தையல் வேலை போயிருக்கிறது. அதே கொக்கி காஷ்மீரில் கம்பளி நூலோடு சேர்ந்து திரைச்சீலையும் விரிப்பும் செய்கிறது. ஆந்திராவில் இதே மாதிரி வேலையை மக்கம் ஒர்க் என்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. துணியைச் சட்டத்தில் முரசுத்தோல் போல விறைப்பாகக் கட்டுவார்கள். வரைபடத்தை டிரேசிங் தாளில் ஊசியால் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கிவிடும். வலது கை துணிக்கு மேலே கொக்கியைப் பிடித்திருக்கும். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்திருக்கும். கொக்கி கீழே இறங்கி நூலை ஒரு வளையமாக மேலே இழுக்கும். அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி இறங்கி அடுத்த வளையத்தை இழுக்கும். நூல் முழுவதும் துணிக்குள் போய் வர வேண்டிய தேவையே இல்லை என்பதால் சாதாரண ஊசியைவிடப் பல மடங்கு வேகம். பழகிய கைக்கு அது தையல் மிஷின் ஓடுவது போலவே ஓடும்.

இப்போது துணியைத் திருப்புங்கள். மேலே சங்கிலி, பின்னால் வெறும் கோடு, பின்தையல் போட்டது மாதிரி. இதுதான் ஆரியின் அடையாளம். இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. கடைசி வளையத்தை முடிச்சுப் போட்டுப் பூட்டாவிட்டால், நுனியைப் பிடித்து இழுத்தவுடன் மொத்த வரிசையும் சரசரவென்று பிரிந்துவிடும். ஆகவே பின்பக்கத்தில் நூல் முடியும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். சின்ன முடிச்சு தட்டுப்பட வேண்டும்.

நம் பிளவுஸில் பளபளக்கும் மற்ற பாதி ஸர்தோசியின் வழிவந்தது. உலோக நூல் வேலைக்குப் பாரசீக மொழியிலிருந்து வந்த பெயர் அது. லக்னோ, ஆக்ரா, போபால், ஹைதராபாத் போன்ற அரசவை நகரங்களில் வளர்ந்தது. வெள்ளிக் கம்பியில் தங்க முலாம் பூசிய சரிகையைப் போய் துணிக்குள் மேலும் கீழும் இழுத்தால் உரசி அறுந்துபோகும், துணியும் கிழியும், பாதித் தங்கம் யார் கண்ணிலும் படாமல் உள்பக்கத்தில் வீணாகும். அதனால் தங்க இழையைத் துணிமேல் கிடத்தி, மெல்லிய பருத்தி நூலால் அங்கங்கே கட்டிப்போடுவார்கள். ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டிய கம்பியாக இருந்தால் தேவையான அளவுக்குத் துண்டுதுண்டாக வெட்டி, மணி கோப்பது போலக் கோத்துத் தைப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் ‘ஸர்தோசி’ என்று கேட்டால் பாக்கெட்டில் கிடைப்பது இந்தச் சுருள்தான். இப்போது பெரும்பாலும் முலாம் பூசிய மலிவான உலோகம். நல்ல ஸர்தோசி வேலையின் பின்பக்கத்தில் தங்கமே தெரியாது. கட்டிப்போட்ட நூலின் சின்னச் சின்னத் தையல் மட்டும்தான் இருக்கும்.

ஒரு யோசனை. ஆரி வேலை முழுத் துணியாக இருக்கும்போதே போடப்படுகிறது; பிறகுதான் டெய்லர் வெட்டி, லைனிங் வைத்துத் தைக்கிறார். லைனிங் ஏறிவிட்டால் பின்பக்கம் நிரந்தரமாக மறைந்துவிடும். கூலி கொடுப்பவர்கள் அதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

பின்பக்கமே முன்பக்கமாக

பஞ்சாபின் புல்காரியைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். கையால் நூற்று நெய்த முரட்டுக் கதர், பெரும்பாலும் செங்காவி நிறம். அதன்மேல் முறுக்காத பட்டு இழை, ‘பட்’ என்பார்கள். பெண்கள் இதைத் துணியின் பின்பக்கமாக உட்கார்ந்து, இழை எண்ணித் தைத்தார்கள். முன்பக்கம் என்ன வடிவம் விழுகிறது என்று பார்க்காமலே! ஊசி பின்பக்கம் ஒரே ஓர் இழையை மட்டும் தூக்கும். பட்டின் நீளமெல்லாம் முன்பக்கம் மிதக்கும். பட்டு வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்கும் பொருள் என்பதால் ஒரு அங்குலம்கூட உள்ளே வீணாகக்கூடாது என்ற கணக்கு அது. திருப்பிப் பார்த்தால் பின்னால் சிறு புள்ளிகள் மட்டும் இருக்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு இதழைச் செங்குத்தாகவும் பக்கத்து இதழைக் கிடையாகவும் தைப்பார்கள். ஒரே நிற நூல்தான், ஆனால் வெளிச்சம் வேறு வேறாகப் பட்டு இரண்டு நிறம் போலத் தெரியும். கதர் கண்ணுக்கே தெரியாமல் முழுக்க நிரப்பிவிட்டால் அதற்கு ‘பாக்’, அதாவது தோட்டம், என்று பெயர். பேரன் பிறந்தவுடன் அவனுக்கு வரப்போகும் மனைவிக்காகப் பாட்டி தைக்கத் தொடங்கும் பாக் உண்டு. அத்தனை ஒழுங்கான கட்டங்களுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நிறம் மாறியோ வடிவம் தப்பியோ இருக்கும். கவனக்குறைவு அல்ல, திருஷ்டி கழிப்பதற்கு வேண்டுமென்றே விட்டது. குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லக்னோ சிக்கன்காரி இதற்கு நேரெதிர். துணி மெல்லியது, நூல் வெள்ளைப் பருத்தி, வடிவம் வரைந்து தைப்பது. வரைவது என்றால் கையால் அல்ல. மர அச்சில் நீலச் சாயம் தொட்டுத் துணியில் பதிப்பார்கள். சுற்றுக் கிராமங்களில் பெண்கள் தைத்துக் கொடுத்த பிறகு துவைத்தால் நீலம் போய்விடும். சரியாகத் துவைக்காத மலிவுச் சரக்கில் அந்த நீலம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சிக்கனில் அரிசி மணி போலப் புடைக்கும் ‘முர்ரி’, தினை போன்ற முடிச்சான ‘பந்தா’, இழைகளை விலக்கிச் சல்லடை போலத் துளை செய்யும் ‘ஜாலி’ என்று பல தையல்கள் உண்டு. ஆனால் நாம் திருப்பிப் பார்க்க வேண்டியது ‘பகியா’ என்ற தையலை. பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நூலை நிரப்புவார்கள். முன்பக்கம் இதழின் ஓரக்கோடு மட்டும் தெரியும், உள்ளே நூலின் நிழல் துணி வழியாகக் கசியும். வேலை முழுவதும் பின்னால். முன்னால் இருப்பது சாயல் மட்டும். கெட்டித் துணியில் இதைப் போட்டால் ஒன்றுமே தெரியாது என்பதால்தான் இது மஸ்லின் நாட்டில் பிறந்தது. 2008-இல் சிக்கன்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் வேலைகள் இன்னொரு கூட்டம். வட கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கசூதி அதில் முக்கியமானது. இழை எண்ணித் தைப்பது. கவந்தி, முர்கி, நேய்கி, மெந்தி என்று நான்கே தையல்கள். மெந்தி என்றால் நம் வெந்தயம்தான். சின்னச் சின்னக் குறுக்குத் தையல். கவந்தியில் ஓட்டுத் தையலாக ஒரு முறை போய், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே அதே பாதையில் திரும்பி வருவார்கள். முடிச்சே போடுவதில்லை. போன வழியிலேயே ஊசி திரும்பி வந்தாக வேண்டும் என்பதால் கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். இல்கல் சேலையில் கோபுரமும் தேரும் பல்லக்கும் துளசி மாடமும் இப்படி எழும். நெல்லையப்பர் கோயில் தேரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சேலை அந்நியமாகவே தெரியாது.

நீலகிரியின் தோடர்கள் போடும் வேலையும் எண்ணித் தைப்பதே. வெளுக்காத முரட்டு வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்புமான நூல், கட்டமும் கோணமுமாக வடிவங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் நெய்தது என்றே நினைப்பார்கள். தோடர்கள் போர்த்தும் போர்வையில் இந்த வேலை வரும். 2013-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாமல், வடநாட்டுப் பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

இமாசலத்தின் சம்பாவில் ருமால் எனப்படும் சதுரத் துணியும், காஷ்மீரத்தில் சோஸ்னி என்ற நுண்ணிய ஊசிவேலை செய்த நல்ல சால்வையும்கூட இருபக்கமும் பார்க்கத் தக்கவை. சம்பாவில் சிற்றோவியம் வரையும் ஓவியர்களே துணியில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். பெண்கள் இரட்டைச் சாட்டின் தையலில் நிரப்புவார்கள். சோஸ்னியைப் பெரும்பாலும் ஆண்கள் செய்கிறார்கள்.

வங்காளத்துக் காந்தாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் எளிமைதான் அதன் அழகு. நைந்த சேலை, வேட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, சேலைக் கரையிலிருந்தே வண்ண இழையை உருவி, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்கியது. நெருக்கமாக ஓடும் தையல் துணியைச் சற்றே சுருக்கி அலை அலையாக்கும். கடையில் ‘காந்தா’ என்று விற்பது வழவழவென்று தட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கட்ச் கண்ணாடி வேலையில் பலருக்கும் ஒரு கேள்வி: ஓட்டையே இல்லாத கண்ணாடியை எப்படித் தைக்கிறார்கள்? பசை இல்லை. கண்ணாடியைத் துணிமேல் வைத்து, அதன் குறுக்கே நான்கு நூல்களைச் சதுரமாகப் போட்டுக் கட்டுவார்கள். மேலே இன்னொரு சதுரம், சாய்வாக. இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் காஜா தையல் போட்டு இறுக்க இறுக்க, நூல்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவே கண்ணாடி திறந்துகொள்ளும். பின்னால் திருப்பினால் வட்டமாக நூல் மட்டும் தெரியும். நம் கடைகளில் விற்கும் மலிவான ‘மிரர் ஒர்க்’ பல, தைத்த வளையத்துக்குள் கண்ணாடியைப் பசையால் ஒட்டியவை. பசை விட்டால் கண்ணாடியும் போகும். கட்சிலேயே ரபாரி என்ற மேய்ச்சல் சமூகத்தாரின் வேலை ஒரு மாதிரி, சூஃப் எனப்படும் முக்கோண வேலை வேறு மாதிரி. சூஃப் வரையாமல், எண்ணி, பின்பக்கமிருந்து தைப்பது. மணப்பெண்ணின் சீர்த்துணிகளைத் தைத்து முடிக்கவே ஆண்டுகள் போய், கல்யாணங்கள் தள்ளிப்போனதால், ரபாரிகளில் தேபாரியா பிரிவின் பெரியவர்கள் 1990-களில் தங்கள் பெண்கள் சொந்த உபயோகத்துக்குப் பூத்தையல் போடவே தடை விதித்தார்கள்.

நெல்லைச் சீமையில் என்ன இருந்தது?

இவற்றுக்கு நிகராகப் பேர் பெற்ற ஊசிவேலை நம் பக்கத்தில் வளரவில்லை. எனக்குத் தோன்றும் காரணம்: தென்னாட்டுச் சேலைக்கு அலங்காரம் தறியிலேயே ஏறிவிடுகிறது. கரையும் முந்தியும் நெய்தே வந்த பிறகு ஊசிக்கு என்ன வேலை? கோயிலுக்கு மட்டும் துணி அலங்காரம் தேவைப்பட்டது. தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளும் சீலைகளும் பூத்தையல் அல்ல. ஒரு துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுவேலை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அந்தக் கலைஞர்கள் உண்டு. புரி ஜகந்நாதர் தேருக்காக ஒடிசாவின் பிப்லியில் நடக்கும் வேலையும் இதே இனம்தான்.

ஆனால் நம் சீமைக்கு வேறொன்று வந்து சேர்ந்தது: லேஸ். லேஸுக்குத் துணியே கிடையாது, நூல் மட்டும்தான். அதனால் முன்பக்கம் பின்பக்கம் என்ற பேச்சும் அதிகம் இல்லை. நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தைக் கொண்டு சில பெண்கள் தங்களை அடிமைநிலையிலிருந்து மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து, திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு ஊரான இடையன்குடிக்கு வந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். கால்டுவெல் பெயரைத் தெரிந்த அளவுக்கு எலைசாவின் பெயரை யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அந்த லேஸுக்கு ஊசிகூட வேண்டாம். கெட்டியாக அடைத்த ஒரு தலையணை, அதன்மேல் துளையிட்ட காகித வடிவம், துளைகளில் குத்திய குண்டூசிகள். சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாக மாற்றி மாற்றி முறுக்கிக் குண்டூசிகளைச் சுற்றிப் பின்னுவார்கள். முடிந்ததும் குண்டூசிகளை உருவினால் லேஸ் தனியாக நிற்கும்.

மிஷின் வேலையை அறிவது

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதன் விலைக்கு அது சரி. கை வேலை என்று சொல்லி விற்றால்தான் தப்பு. திருப்பினால் பெரும்பாலும் பின்னால் வெள்ளை பாபின் நூல் வரிசையாகத் தெரியும். மேலே எத்தனை நிறம் இருந்தாலும் கீழே ஒரே நூல். தாள் போன்ற ஒரு விறைப்புத் துணியும் ஒட்டியிருக்கலாம். பத்து பூ இருந்தால் பத்தும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். கை வேலையில் ஒரு பூ சற்று இறுக்கமாக, ஒரு பூ சற்று தளர்வாக இருக்கும், பின்னால் நூல் ஒரு பூவிலிருந்து அடுத்ததற்குத் தாண்டிப் போன தடமும் இருக்கும்.

புதிதாகப் பழக நினைப்பவர்கள் நேராக ஆரி சட்டத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பிளவுஸ் ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்க வேண்டும் என்றால் அது சரிதான். கைக்குப் பழக்கம் வேண்டும் என்றால் ஒரு மர வளையமும் கொஞ்சம் காடாத் துணியும் இரண்டு நிற நூலும் போதும். ஓட்டுத் தையலில் ஒரு சின்ன காந்தாச் சதுரம் போடுங்கள். அப்புறம் கட்டம் தெளிவாகத் தெரியும் துணி ஒன்றை எடுத்து, எண்ணி, கசூதியின் கவந்தியில் ஒரு சின்னக் கோபுரம். முதல் தடவை திரும்பி வரும் வழி தப்பும். பிரித்துவிட்டு மறுபடி போடலாம், முடிச்சு இல்லாததால் பிரிப்பது சுலபம்.

கல்லும் ஸர்தோசியும் உள்ளதைத் தண்ணீரில் முக்காதீர்கள், சென்ட்டும் அதன்மேல் அடிக்காதீர்கள், உலோகம் கறுத்துவிடும். போட்டுக் கழற்றியதும் வியர்வை உலரக் காற்றாட விட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். இஸ்திரி போட்டே ஆக வேண்டுமென்றால், மேலே வேறு ஒரு துணியை விரித்து, பின்பக்கமாக.